மத்தியானச் சாம்பல்

குமுதா வாயைத் திறந்து சிரித்தபோதுதான் கலாதேவி அதைக் கவனித்தாள். தங்கச்சியின் நாக்கு முழுக்க வெள்ளை. பல்லிடுக்கிலும் வெள்ளை. சிரித்து முடித்ததும் வாயை மூடிக்கொண்டு எதையோ அரைத்தாள். நறநறவென்ற அந்தச் சத்தம் குமுதா வீட்டுச் சோபாவின் மறுகோடி வரைக்கும் கேட்டது.

“என்னடி திங்கிற?”

“திருநீறுக்கா. கோயில்ல குடுத்தது. நீயும் கொஞ்சம் போட்டுக்கறியா?”

பிள்ளைத்தாய்ச்சி சாம்பல் தின்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் பெண்களில் ஒருத்திக்கு அடுப்புச் சாம்பல், இன்னொருத்திக்குச் செங்கல் பொடி, வேறொருத்திக்குச் சிலேட்டுக் குச்சி. எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்ட இந்தக் காலத்தில் மிச்சம் இருப்பது சாமி மேடைத் திருநீற்றுக் கிண்ணம் ஒன்றுதான். அது மளமளவென்று குறைவதைப் பார்த்தே, மருமகள் சொல்வதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் மாமியார்கள் உண்டு. ஆனால் கலாதேவியை உறுத்தியது அந்தச் சத்தம். திருநீறு நாக்கில் பட்டால் கரையும். நறநறக்காது.

இது தெரிய வேண்டியவள்தான் அவள். இருபத்திரண்டு வருஷமாக ஈப்போவில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கட்டடம் கட்டப்போகிற இடங்களில் துளை போட்டு எடுத்து வருகிற மண்ணைக் காயவைத்து, சலித்து, நுண்ணோக்கியில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். களிமண்ணா வண்டலா என்று சட்டென்று தெரிய, ஒரு துளியை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துத் துப்பிவிடுவது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம். களி என்றால் வழவழக்கும், வண்டல் என்றால் நறநறக்கும். கலாதேவி, தங்கச்சி அந்தத் திருநீற்றை வைத்திருந்த பிஸ்கட் டின்னில் விரலை விட்டு, ஒரு துளியைப் பல்லில் வைத்துக் கடித்தாள். உடனே எழுந்து போய்ச் சிங்கில் துப்பினாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ மண்ணைக் கடித்திருக்கிறாள், இப்படி ஒன்றைக் கடித்ததில்லை. பல்லில் கூசியது.

“எந்தக் கோயில்ல குடுத்தாங்க?”

“நம்ம பழைய எஸ்டேட் கோயில்லதான். உனக்குத் தெரியாதா? ஊரே பேசுதுலா.”

சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகிற அந்த எஸ்டேட்டில் இப்போது ரப்பர் மரம் ஒன்று கூட இல்லை. எல்லாம் செம்பனை. தொழிலாளர் லயங்களை இடித்தாயிற்று. ஜனங்கள் எல்லாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். குன்றின் அடியில் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. போன வருஷம் பின்சுவரைத் தள்ளிக் கட்டுவதற்காகப் பேக்ஹோ வைத்துக் குன்றை வெட்டினார்கள். இரண்டு ஆள் உயரம் செம்மண் சரிந்து விழுந்ததும், உள்ளே நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. ஒரு முழக் கனம். தொட்டால் மாவு. மலையே பட்டை போட்டிருக்கு என்று யாரோ சொல்ல, அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு கேட்க வேண்டுமா? தெலுக் இந்தானிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். நெற்றியில் பூசினார்கள், நாக்கில் போட்டுக்கொண்டார்கள், டின் டின்னாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

குமுதாவும் போனாள். அவள் போன காரணம் வேறு.

குமுதாவுக்கு முப்பத்தொன்பது வயது. மூன்று முறை உண்டாகி, மூன்று முறையும் தங்கவில்லை. முதலாவது நான்காம் மாதம், இரண்டாவது ஐந்தாம் மாதம். மூன்றாவது ஏழாம் மாதம் வரைக்கும் வந்து, ஒரு நாள் அசைவதை நிறுத்திக்கொண்டது. அப்படியும் அதைப் பெற்றுத்தான் ஆக வேண்டியிருந்தது. புருஷன் சீனி தொலைதூர லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கு ஜொகூரில் இருந்தான். அதனால் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டவள் கலாதேவி. பெண் குழந்தை. ஒரு தடவை காட்டுக்கா என்று குமுதா கெஞ்சினாள். பார்த்தால் காலம் முழுக்கத் தாங்கமாட்டாள் என்று நினைத்து இவள் காட்டவில்லை. தானே துடைத்து, தானே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சண்டைக்கு வருவாள்.

மலைத் திருநீற்றைத் தின்ன ஆரம்பித்த இரண்டாம் மாதம் குமுதா நான்காவது முறையாக உண்டானாள். இது ஏழாம் மாதம். வயிற்றில் கை வைத்தால் பிள்ளை உதைப்பது தெரிந்தது. இந்த ஒரு பிள்ளை தங்கினால் போதும் என்று அக்காவும் தங்கச்சியும் வேண்டாத சாமி இல்லை.

மணி பன்னிரண்டு ஆகப்போகிற நேரம். குமுதா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். குளியலறை வாளியை மூடினாள், குடிதண்ணீர்ப் பானைமேல் தட்டைக் கவிழ்த்தாள். துண்டை நனைத்து வாசற்கதவின் அடி இடுக்கில் செருகினாள்.

“என்னடி இது? வேகுது. ஃபேன் கூடப் போடாம கதவ அடைக்கிற?”

“விழப்போகுதுக்கா.”

“என்ன விழப்போகுது?”

குமுதா துண்டை இன்னும் உள்ளே தள்ளினாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவிலேயே எதிர்ப்பக்கம் இன்னும் இரண்டு வீடுகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதைக் கலாதேவி கண்ணாடி வழியே பார்த்தாள். இரண்டும் கோயிலுக்குப் போய் வந்த வீடுகள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். எதிர்வீட்டு ஆம்பிளைகளுக்குமா?

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதல் காரியமாக, தங்கச்சியின் டின்னிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த ஒரு சிட்டிகையை எடுத்தாள். கடைத் திருநீறாக இருந்தால் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கும். இது சும்மா நனைந்து கிடந்தது. நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தவள் வெகு நேரம் நிமிரவில்லை.

கண்ணாடி. அத்தனையும் கண்ணாடி. நிறமில்லாத, வளைந்த, கூர்முனைச் சில்லுகள். சில ஊசி ஊசியாக, சில சோப்பு நுரையில் குமிழும் குமிழும் ஒட்டுகிற இடம் போல மூன்று பக்கம் கிளைத்து. நடுநடுவே படிகக்கல் துணுக்கும், காக்காப்பொன்னின் கறுப்புச் செதிலும். இதை அவள் முன்பு ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். லெங்கோங் பக்கமிருந்து வந்த ஒரு துளைமண்ணில். அப்போது இருந்த நிலவியல் பொறியாளர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தப் பேராக் மாநிலத்தில் எரிமலை கிடையாது, இங்கே இருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்லும் கருங்கல்லும் ஈயமும்தான். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில், இன்றைக்கு ஒரு பெரிய ஏரி கிடக்கிற இடத்தில், எழுபதாயிரம் வருஷத்துக்கும் முன்னால் ஒரு மலை வெடித்தது. உருகிய பாறை நுரைத்து, காற்றில் குளிர்ந்து, உடைந்து, இத்தனை சில்லாகி, காற்றோடு கடலைத் தாண்டி வந்து இங்கே விழுந்தது. பட்டப்பகல் இருட்டாகியிருக்கும் என்றார் அவர்.

ஏழு மாதத்துக்கும் மேலாக அவள் தங்கச்சி தின்றுகொண்டிருப்பது கண்ணாடித் தூளை. மூச்சோடு போனால் நெஞ்சை அறுக்கும். கண்ணில் பட்டால் கண்ணை அறுக்கும். வயிற்றுக்குள் இருப்பதை என்ன செய்யுமோ, அதைச் சொல்லித்தர எந்தப் புத்தகமும் இல்லை.

மத்தியானம் கூட வேலை செய்கிற சீனப்பெண் அவளைத் தோளில் தட்டினாள். “ஏன் ஜன்னலை எல்லாம் சாத்திட்டே?” என்று மலாயில் கேட்டாள். கலாதேவி திரும்பிப் பார்த்தாள். நான்கு ஜன்னலும் சாத்தியிருந்தன. கடைசி ஜன்னலின் கொண்டியில் அவளுடைய கை இருந்தது. எழுந்து போன ஞாபகமே இல்லை. மணி பன்னிரண்டு.

கடித்துத் துப்பிய ஒரே ஒரு துளிக்கு இது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

வந்த சனிக்கிழமை நேராகக் கோயிலுக்குப் போனாள். பூசாரி பிச்சைமுத்து அதே எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டிய மனிதர். அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். சாமி கொடுத்ததைக் கண்ணாடி என்கிறாயா என்று குதிப்பார், ஊரைக் கூட்டுவார் என்றெல்லாம் நினைத்து, வழியெல்லாம் பதில் தயார்செய்துகொண்டு போனாள். ஒன்றும் தேவைப்படவில்லை. சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கும் கொஞ்ச நாளா நெஞ்சு திக்குதிக்குன்னுதான் இருக்கு, கலா. வா, வந்து பாரு.”

பின்பக்கம் கூட்டிப்போனார். வெட்டிய குன்றில் அந்த வெள்ளைப் பட்டை, கை பட்டுப் பட்டுக் குடைந்துபோய், ஆள் நுழையும் அளவுக்குக் குழிகளாக இருந்தது. செம்பனைக் காட்டில் காலை வேளையில் இருக்கிற குருவிச் சத்தம் அங்கே இல்லை. ஒரு கொசு கூடக் காதில் பாடவில்லை.

“நானும் ஒரு மாசம் தின்னேன்மா. மத்தியானத்துல சும்மா சாய்வேன். கண்ண மூடுனா இருட்டு. வெதுவெதுன்னு சாம்பல் கொட்டுது. எலை எல்லாம் வெள்ள. அந்தச் செம்மண் ரோட்டு முனையில என் வீட்டுக்காரி நிக்கிறா.”

“மாரியம்மா அத்தையா?”

“அவதான். செத்துப் பதினோரு வருசம் ஆச்சு. தல, தோளு எல்லாம் சாம்பலு. தினம் ஒரு எட்டு கிட்ட வருவா. வாசப்படி வரைக்கும் வந்துட்டா. எனக்குப் பயம் வந்துருச்சு, நிறுத்திட்டேன்.”

“நிறுத்துனதும் வரலதான?”

“வரல. அது மட்டுமா? அவ முகமே எனக்கு மறந்துபோச்சும்மா. போட்டோவ எடுத்து எடுத்துப் பாக்குறேன். யாரோ ஒரு பொம்பள. நாப்பது வருசம் கூட வாழ்ந்தவ. அந்தச் சாம்பலோட சாம்பலா அவளையும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.”

மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு துண்டை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“அந்தச் சாம்பல் விழுந்தப்ப இங்க என்ன இருந்துச்சும்மா?”

“காடு இருந்திருக்கும். ஆனை, குருவி. மனுசங்க இருந்தாங்களோ என்னமோ.”

“எல்லாத்தையும் மூடியிருக்கும்.”

“மூடியிருக்கும் மாமா.”

“அப்ப செத்ததுங்க மேல போத்துன போர்வைய நாங்க கிழிச்சித் தின்னுருக்கோம்.”

திங்கட்கிழமையே பேக்ஹோவைக் கூப்பிட்டுச் செம்மண்ணைத் தள்ளி மூடிவிடுவதாகச் சொன்னார். சொன்ன சொல் தவறாமல் மூடியும் விட்டார். ஆனால் வீடுகளில் இருக்கிற டின்களை என்ன செய்வது? அவள் காரில் ஏறும்போது ஓடிவந்து கண்ணாடியில் தட்டினார்.

“தங்கச்சிய நிறுத்தச் சொல்லுறதுக்கு முன்னால யோசிச்சுக்கம்மா. எனக்குப் போனது செத்துப்போனவளோட முகம் மட்டுந்தான்.”

கலாதேவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழுகிற கிழவர் ஆயிரம் சொல்வார் என்று நினைத்தாள். நேராகக் குமுதாவின் வீட்டுக்குப் போய், நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டி, இது கண்ணாடி, இதை இனித் தொடாதே என்று படபடவென்று பொரிந்தாள். எந்த மலை, எப்போது வெடித்தது, எதையும் சொல்லவில்லை. குமுதா படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அந்த மலை வெடிச்சப்ப வந்ததுதானக்கா இது. சத்தம் கேக்கும், கடலுக்கு அந்தாண்ட இருந்து. அப்புறம் இருட்டும். ஆனைங்க பிளிறும். அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது.”

“யார்டி சொன்னா உனக்கு?”

“யாரு சொல்லணும்? தினம் பாக்குறேன். மூணு பேரும் அங்கதான் நிக்கிறாங்க. பெரியவன் ரெண்டு பேரு கையையும் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். சாம்பல்ல நடந்து நடந்து கிட்ட வந்துட்டாங்க. நாலாவது ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கக்கா.”

கலாதேவி கையை ஓங்கிவிட்டாள். வயிற்றைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது. குமுதா கோபப்படவில்லை. அக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கடைசிப் புள்ளைக்கு இடது காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருக்கே. நீ பாத்தியா?”

கலாதேவி அன்றைக்குத் துடைக்கும்போது பார்த்திருக்கிறாள். அரிசி அளவு மச்சம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் இல்லை, சீனியிடம் இல்லை, சாமியிடம் கூட இல்லை.

“இல்லடி. நான் ஒண்ணும் பாக்கல” என்றாள்.

பொய் சொன்ன கையோடு முடிவும் எடுத்துவிட்டாள். குமுதா குளிக்கப் போன சமயத்தில் பிஸ்கட் டின்னைக் காலி செய்து, மலைச் சாம்பலைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சாமி மேடையில் இருந்த கடைத் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து டின்னில் கொட்டினாள். நறநறப்பு இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள் என்று, வறுத்த அரிசியைப் பொடித்துக் கலந்தாள். மண்ணோடு பிழைத்தவள் அல்லவா? கலவையைப் பல்லில் வைத்துப் பார்த்தாள். போதும் என்று தோன்றியது. பையை ஈப்போவுக்குக் கொண்டுபோய், வேலையிடத்து அலமாரியில் மற்ற மண் பைகளோடு ஒரு எண் ஒட்டி வைத்துவிட்டாள். தூக்கி எறிந்திருக்கலாம். ஏனோ எறியவில்லை.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் போனில் குமுதாவின் குரல் தொங்கிப்போயிருந்தது.

“அவங்க திரும்பி நின்னுட்டாங்கக்கா. முதுகுதான் தெரியுது.”

“நல்லதாப் போச்சு. கண்டதையும் நெனைக்காம சாப்புடு, தூங்கு.”

ஐந்தாம் நாள்: “நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. கூப்புடுறேன், காதுல விழல போல.” கலாதேவி வேறு பேச்சுக்கு மாற்றினாள். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சாம்பல் உடம்பை விட்டு இறங்குகிறது என்று கணக்குப் போட்டாள்.

ஏழாம் நாள் குமுதா ஜன்னல்களைச் சாத்தவில்லை. எட்டாம் நாள் போன் எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். அழவில்லை. அதுதான் கலாதேவியைப் பயமுறுத்தியது.

“மூணு பேரும் ரோட்டு முனைக்குப் போயிட்டாங்கக்கா. போறப்ப இவனையும் கூட்டிக்கிட்டுப் போறாங்க. நேத்து ராத்திரியிலேர்ந்து அசைவே இல்ல.”

வேலையைப் போட்டது போட்டபடி ஓடி, தங்கச்சியைக் காரில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்கக் குமுதாவின் வயிற்றில் இடது கையை வைத்துக்கொண்டே ஓட்டினாள். கல்லைத் தொட்டது மாதிரி இருந்தது. போன தடவையும் இப்படித்தான் இருந்தது. போன தடவையும் இந்த மாதம்தான். டின்னை மாற்றியதைச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் பச்சை விழுந்துவிட்டது.

டாக்டர் இளம்பெண், பொறுமைசாலி. துடிப்பு இருக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது என்றாள். படுக்கவைத்துக் கவனிப்போம், இன்னும் குறைந்தால் உடனே அறுத்து எடுக்க வேண்டியிருக்கும், எடுத்தாலும் மிகச் சிறிய பிள்ளை, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். சீனிக்குப் போன் போட்டார்கள். அவன் இந்தத் தடவையும் ஜொகூரில்தான் இருந்தான். லாரியைத் திருப்பிக்கொண்டு வாரேன் என்று தழுதழுத்தான்.

வயிற்றில் கட்டியிருந்த பட்டையிலிருந்து துடிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒன்று. நிறைய இடைவெளி. இன்னொன்று. அந்த இடைவெளிகளில் கலாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமுதா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“மாத்திட்டதான?” என்றாள் சுவரைப் பார்த்தபடி.

கலாதேவி போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள்.

“எனக்குத் தெரியும்க்கா. மொத நாளே தெரிஞ்சிருச்சு. நீ நல்லதுக்குத்தான் செய்வன்னு நானும் தின்னுக்கிட்டே இருந்தேன்.”

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். கலாதேவி எழுந்தாள். எங்கே போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் நின்றுவிடுவோம் என்று பயம். காரை எடுத்தாள். வேலையிடத்துக்குப் போனாள். அலமாரியைத் திறந்து, எண் ஒட்டிய பையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே கிளம்பிக்கொண்டிருந்த சீனப்பெண், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். கலாதேவி தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்த அறிவு முழுவதும் வழி மறித்துக்கொண்டு நின்றது. அது கண்ணாடி. அது பாறை. உலகத்தில் எந்தக் கண்ணாடியும் ஒரு பிள்ளையை உயிர்ப்பித்ததில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டபடியே அவள் வண்டியை ஓட்டினாள்.

வார்டுக்குத் திரும்பியபோது பார்வையாளர் நேரம். மற்றக் கட்டில்களைச் சுற்றிச் சொந்தக்காரர்களும் பொட்டலம் கட்டிய பொங்குஸ் சோறும் பேச்சும். யாரும் இவர்களைப் பார்க்கவில்லை. மணி பன்னிரண்டரை. திரையைச் சுற்றி இழுத்துவிட்டு, பையின் முடிச்சை அவிழ்த்தாள். சுட்டுவிரலை ஈரமாக்கி உள்ளே வைத்தாள். விரல் நுனி வெள்ளையாக வந்தது.

“குமுதா. இங்க திரும்பு.”

குமுதா திரும்பினாள். பையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கலாதேவி அவளுடைய நாக்கில் சாம்பலைத் தடவினாள். நறநறவென்று சத்தம் கேட்டது. மறுபடி விரலை வைத்தாள், மறுபடி தடவினாள். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, பட்டையிலிருந்து வந்த சத்தத்தில் இடைவெளி குறைந்தது. பிறகு அந்தச் சத்தம் ஓடத் தொடங்கியது.

வார்டில் எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கலாதேவி பையை மடியில் மறைத்தாள். மிஸ்ஸி கருவியைப் பார்த்தாள், காகிதத்தை இழுத்துப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. “பாகுஸ், பாகுஸ். நல்லா ஓடுது. ஒரே ஆளு, நல்ல பலமான ஆளு” என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு, பட்டையைக் கழற்றிக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டுப் போனாள்.

கலாதேவி இரண்டு கையையும் தங்கச்சியின் வயிற்றில் வைத்தாள். உதைத்தது. வலது உள்ளங்கையில், ஓங்கி ஒரு உதை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எல்லா அறிவும் எக்கேடோ கெட்டுப் போகட்டும், பிள்ளை இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னாள்.

அதே நொடியில் இடது கையிலும் உதைத்தது. பிறகு மேலே, விலா எலும்பின் கீழே ஒன்று. மூன்று இடத்திலும் ஒரே சமயத்தில்.

குமுதா கண்ணை மூடியிருந்தாள். அவள் முகத்தில் கலாதேவி வருஷக்கணக்காகப் பார்க்காத நிம்மதி இருந்தது.

“திரும்பிட்டாங்கக்கா. ஓடி வாராங்க. இவனை முன்னால விட்டுட்டு மூணு பேரும் பின்னாலயே வாராங்க. வந்துட்டாங்க.”

இடது உள்ளங்கையின் நடுவே இன்னொன்று வந்து அழுத்தியது. இது உதைக்கவில்லை. தோலுக்கு அடியில் வந்து, மெதுவாக, இவள் கையைத் தேடிக்கொண்டு வந்தது போல அழுத்தி நின்றது. ஒரு பாதம். குதிகாலும் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அதன் அளவு கலாதேவிக்குத் தெரியும். ஒருமுறை இதே கையில் வைத்து ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். அன்றைக்கு அது குளிர்ந்து கிடந்தது. இன்றைக்குச் சூடாக இருந்தது.

கையை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. டாக்டரைக் கூப்பிட வேண்டும், பையைக் குப்பையில் வீச வேண்டும். வீசினால் இந்தக் கால் திரும்பிப் போகும். தனியாகவும் போகாது.

“இந்தத் தடவ காட்டுவதானக்கா?” என்றாள் குமுதா, கண்ணைத் திறக்காமலே.

“காட்டுறேன்டி. எல்லாரையும் காட்டுறேன்.”

வார்டில் திடீரென்று பேச்சுச் சத்தம் தேய்ந்து நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ எழுந்து போய் ஒரு ஜன்னலைச் சாத்தினார்கள். இன்னொருவர் அடுத்ததைச் சாத்தினார். கலாதேவி திரும்பிப் பார்க்கவில்லை. பையில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது. விரலை ஈரமாக்கி உள்ளே வைத்தாள்.

“வாயத் திற” என்றாள்.